எங்கள் மதிலும் அவர்கள் வாசலும்

நேற்றுவரை நோயாளிகளின் நாடி பிடித்த கையால் இன்று ஒரு நகரத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நகரசபைத் தலைவி அவர்களே! பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து பரிவோடு வந்து, பக்கத்தில் அமர்ந்திருக்கும் கீழ் ஊரின் நகரசபைத் தலைவர் அவர்களே! அதிகம் வரைந்து, அளவாகப் பேசும் எங்கள் பொறியாளர் அவர்களே! இரண்டு சபைகளின் உறுப்பினர்களே! ஊர் உறங்கி எழுவதற்குள் ஊரையே கூட்டி முடிக்கும் துப்புரவுத் தோழர்களே! மழை கொட்டும்போது நாமெல்லாம் வீட்டுக்குள் ஓட, மின்கம்பத்தை நோக்கி ஓடும் மின்வாரியத் தம்பிமார்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அரைகுறையாகத் துணியை மடித்துவிட்டு, அதற்கும் மேலே வீட்டுக்காரரைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் கதவோரம் நின்றே தீருவேன் என்று அடம்பிடிக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

யாரோ பின்னாலிருந்து, ‘டிக்கெட், டிக்கெட்’ என்கிறார்கள். கூப்பிடுங்கள், கூப்பிடுங்கள்! கோபமில்லை எனக்கு. இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் இடையே ஓடிய பேருந்தில் என் இளமை முழுவதும் டிக்கெட் கிழித்தவள்தான் நான். இன்று சபை உறுப்பினர் என்று என்னை அழைக்கிறீர்கள். ஆனாலும் கூட்டத்தைப் பார்த்தால் என் வாய் தானாக, ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்றுதான் சொல்ல வருகிறது. அந்தக் கதவோரத் தம்பிகளே, நிஜமாகவே கொஞ்சம் உள்ளே போங்களேன்! வெளியே நிற்பவர்களுக்கு விசிறிக் காற்று வரவில்லை.

அன்பர்களே! இன்று இரண்டு நகரசபைகளும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே திட்டத்தில் கையெழுத்திடப் போகின்றன. மாறிவரும் மழைக்கும், ஏறிவரும் வெயிலுக்கும் எப்படி வாழ்வது என்ற திட்டம். இது எப்படி வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? வல்லுநர் ஒருவர் வடித்துக் கொடுத்ததா? இல்லை. ஒரு தங்கை அண்ணனைப் பார்த்து, ஊரார் முன்னிலையில் ஒரு கேள்வி கேட்டதால் வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று நான் சொல்லப் போகிறேன்.

அண்ணன் யார் என்று கேட்கிறீர்களா? அதோ, முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, ‘இந்தப் பெண் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாளோ’ என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நம் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிமெண்ட் அண்ணன்! வீடு கட்டிய ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் அவர் கடை மூட்டை கலந்திருக்கிறது. தங்கை, கீழ் ஊரில் சலவைக்கடை நடத்தும் நம் சலவைக்கடை அக்கா. இரண்டு பேரிடமும் அனுமதி வாங்கிவிட்டுத்தான் பேசுகிறேன். அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: “சொல்றதா இருந்தா எல்லாத்தையும் சொல்லு. எனக்குப் பாதகமானதை மட்டும் விட்டுடாத. அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க.” இது எப்படிப்பட்ட மனசு, பாருங்கள்!

ஆற்றோரத் தெருவை உங்களுக்குத் தெரியும். பட்டறைகள், பலசரக்குக் கடைகள், மாடியில் குடித்தனங்கள். ஒரு காலத்தில் மழை மெல்ல வந்தது, மெல்லப் போனது. இப்போது எப்படி வருகிறது? ஒரு மாதத்து மழையை ஒரு மதியத்தில் கொட்டிவிட்டுப் போகிறது! ஆறு கரையேறி வரும். கடைக்குள் கால் வைக்கும். கட்டிலுக்கு அடியில் கைவிடும். தண்ணீர் வடிந்த பிறகு அந்தத் தெருவில் நடந்திருக்கிறீர்களா? வாசலெல்லாம் நனைந்த மெத்தை. குளிர்சாதனப் பெட்டி மல்லாக்கக் கிடக்கும். பள்ளிக்கூடப் பைகள் கொடியில் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாடை! வாரக்கணக்கில் மூக்கை விட்டுப் போகாத வாடை.

சிமெண்ட் அண்ணனின் குடோன் ஆறு வளையும் அந்த முழங்கையில்தான் இருந்தது. தண்ணீர் பட்ட சிமெண்ட் என்ன ஆகும்? மூட்டை மூட்டையாகக் கல்லாகும். ஒருமுறை அவர் மனைவி சேற்றில் வழுக்கி விழுந்து, காலில் பட்ட காயம் சீழ் பிடித்து, நாள்கணக்காக மருத்துவமனையில் கிடந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் சொன்னாராம்: “இனிமே தண்ணி நம்ம தெருவுக்குள்ள வரக் கூடாது. என்ன ஆனாலும் வரக் கூடாது.” அவர் கோபத்தில் குறை சொல்ல முடியுமா? நம் வீட்டுக்கு வந்தால் நாமும் அதைத்தானே சொல்லியிருப்போம்?

அதுவரை நகரசபை என்ன செய்துகொண்டிருந்தது? வெள்ளம் வந்தால் படகு விடும். ரொட்டி கொடுக்கும். வடிந்ததும் வெள்ளைப் பொடி தூவும். அடுத்த மழை வரைக்கும் அசந்து தூங்கும். இதுதான் திட்டம்! இந்தத் திட்டத்துக்குப் பெயர் ‘வந்தால் பார்த்துக்கலாம்.’ (யாரது, ‘நல்ல திட்டம்தான்’ என்று சொல்வது? அந்த வெள்ளத்தில் உங்கள் வண்டி மிதந்தபோது அப்படிச் சொல்லவில்லையே ஐயா!)

நம் தலைவி பொறுப்புக்கு வந்தார். முதல் கூட்டத்திலேயே சொன்னார்: “நோயாளி வாசலுக்கு வந்தப்புறம் கட்டிலைத் தேடுற ஆஸ்பத்திரியில நான் வேலை பாத்ததில்ல. இங்கயும் அப்படிப் பாக்க மாட்டேன்.” தெருத்தெருவாகப் போனார். நாற்காலியை நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தார். “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். ஆற்றோரத் தெரு ஒரே குரலில் சொன்னது: மதில் வேண்டும்! பாலம் தொடங்கி செங்கல் சூளை வரைக்கும், ஆளுயரத்துக்கு மேலே, ஆறே எட்டிப் பார்க்க முடியாத மதில் வேண்டும்! அந்தக் குரலுக்கு முன்னால் நின்றவர் சிமெண்ட் அண்ணன். பொறியாளரை அழைத்தார்கள். மதிலுக்கு வரைபடம் தயாரானது. மக்கள் கருத்தைக் கேட்டு, அன்றே வாக்கெடுப்பும் நடத்திவிடலாம் என்று நாள் குறித்தார்கள்.

அந்த நாள் மதியம், என் வண்டி கீழ் ஊர் நிறுத்தத்தில் நின்றது. சலவைக்கடை அக்கா ஏறினார். தேய்த்த சேலை, தோளில் ஒரு பை. கடை நேரத்தில் கடையை விட்டு வராத ஆளாயிற்றே என்று கேட்டேன்:

“என்னக்கா, அண்ணன் வீட்டுல விசேஷமா?”

“விசேஷம்தான். எங்கண்ணன் சுவர் கட்டப் போறாராம். என்ன ஏதுன்னு கேட்டுட்டு வரலாம்னு போறேன்.”

“வீட்டுக்கா போறீங்க?”

“இல்ல. உங்க ஊர் மண்டபத்துக்கு.”

அவர் சிரிக்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றோடு என் வேலை முடிந்தது. நானும் அவரோடு மண்டபத்துக்கு நடந்தேன்.

இதே மண்டபம்தான். இதே மேடைதான். பொறியாளர் திரையில் மதிலைக் காட்டினார். கைதட்டல் என்றால் கைதட்டல், கூரையே அதிர்ந்தது! ஆற்றோரத் தெருவின் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பத்து மழைக்காலம் பட்ட பாடு தீரப் போகிறது என்றால் அழுகை வராதா? ‘யாருக்காவது கேள்வி உண்டா’ என்றார் எழுத்தர். அக்கா எழுந்தார்.

“இந்த ஊர்க்காரங்க மட்டும்தாம்மா பேசலாம்” என்றார் எழுத்தர்.

“தண்ணி வரும்போது எந்த ஊர்க்காரின்னு கேட்டுட்டா வருது?” என்றார் அக்கா.

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கொஞ்சம் பேர், ‘உட்காரு, உட்காரு’ என்றார்கள். தலைவி கையை உயர்த்தி, “பேசட்டும்” என்றார். அக்கா பொறியாளரைப் பார்த்துக் கேட்டார்:

“சார், இப்ப இந்தத் தெருவுக்குள்ள வர்ற தண்ணி, நீங்க சுவர் கட்டினப்புறம் எங்க போகும்?”

“ஆத்தோட போயிடும்மா.”

“ஆத்தோட எங்க?”

“கீழ.”

“கீழேன்னா எங்க ஊரு. எங்க ஊர்ல எவ்வளவு தண்ணி ஏறும்?”

அன்பர்களே! அந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம் அவர். ‘எல்லாம் பார்த்தாயிற்று’ என்றிருந்தால் அன்றே வாக்கெடுப்பு முடிந்திருக்கும். ஆனால் நம் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். “நான் கணக்குப் பாக்கலம்மா. எங்கிட்ட கேட்டது இந்த ஊரைப் பத்தி மட்டும். எங்கிட்ட இருக்கிற வரைபடம் பாலத்தோட முடியுது” என்றார். அந்த நேர்மைக்கு இன்று ஒரு கைதட்டல் கொடுங்கள்! அன்று நாம் கொடுக்கவில்லை.

சிமெண்ட் அண்ணன் எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“ஏம்மா, இதை வீட்டுக்கு வந்து எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? ஊர் கூடியிருக்கிற இடத்துலயா கேக்கிறது?”

“வீட்டுல கேட்டா, முதல்ல சாப்பிடுன்னு சொல்லி அனுப்பிடுவண்ணே. இங்க கேட்டாதான் பதில் சொல்வாங்க.”

“அப்ப நாங்க முழுகணுமா? உங்கண்ணி காலைப் பாத்தியா நீ?”

“நான்தானே அண்ணே ஆஸ்பத்திரியில கூட இருந்து பாத்தேன்? யாரும் முழுக வேணாம்னுதான் கேக்கிறேன்.”

தலைவி வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். ஆற்றோரத் தெரு கொதித்தது. ‘கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பரிந்து பேசி, பிறந்த வீட்டைக் கவிழ்த்துவிட்டாள்’ என்று காதுபடவே பேசினார்கள். அண்ணன் விறுவிறுவென்று வெளியேறினார். எப்போது தங்கை வந்தாலும் பேருந்து நிறுத்தம்வரை வந்து வண்டியேற்றிவிடுபவர் அவர், அன்று வரவில்லை. அக்கா தலையைத் திருப்பித் திருப்பித் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி வந்தது. ஏறிவிட்டார்.

பிறகு பொறியாளர் என்ன செய்தார்? கீழ் ஊரின் பொறியாளரைத் தேடிப் போனார். பக்கத்துப் பக்கத்து ஊர். பல வருடமாக ஒரே ஆற்றுக்குக் கரை கட்டுகிற இரண்டு பேர். அன்றுதான் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்! வெட்கம் நம்முடையது, அவர்களுடையது அல்ல. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு கரையையும் நடந்தே அளந்தார்கள். கணக்கு வந்தது. நாம் மதில் கட்டினால், கீழ் ஊரில் இப்போது வாசற்படியை நனைக்கும் தண்ணீர், சன்னலுக்கு மேலே ஏறும்.

அப்படியானால் என்ன வழி? ஆற்றை நெரிக்காதே, ஆற்றுக்கு இடம் கொடு என்றார்கள் இருவரும். ஊருக்கு மேல்புறம் இருக்கும் விளையாட்டு மைதானத்தை ஆழமாக்கு. பெருமழையில் தண்ணீர் அங்கே வந்து தங்கிப் போகட்டும். சந்தை வாகன நிறுத்தத்துக்கு அடியில், கான்கிரீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பழைய ஓடையைத் திறந்துவிடு. கீழ் ஊர் தன் பங்குக்கு, பயன்படாமல் கிடக்கும் சரக்குக் கொட்டடி நிலத்தைக் கொடுக்கட்டும். ஆற்றோரத் தெருவில் மின்பெட்டிகளை மேலே ஏற்று, வாசல்களை உயர்த்து. இன்னும் ஒன்று. ஆற்றின் முழங்கையில், தண்ணீரின் வழியிலேயே நிற்கும் சில கட்டிடங்கள் போக வேண்டும்.

யாருடைய கட்டிடங்கள்? முதல் கட்டிடம், சிமெண்ட் அண்ணனின் குடோன்!

நினைத்துப் பாருங்கள் தாய்மார்களே. மதில் வந்திருந்தால் அந்தக் குடோன் பிழைத்திருக்கும். தங்கை கேட்ட கேள்வியால் அது தரைமட்டமாகப் போகிறது. அண்ணன் கடை வாசலில் நின்று சொன்னார்: “என் தங்கச்சி வாயாலயே என் குடோன் போச்சு.” தலைவி அவரைப் பார்க்கக் கடைக்கே போனார். ஒருமுறை போனார், இல்லை என்றார். மறுமுறை போனார், அப்போதும் இல்லை என்றார். மூன்றாவது முறை அவர் நாற்காலிகூடக் காட்டவில்லை; தலைவி ஒரு சிமெண்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். (அண்ணன் தலையை ஆட்டுகிறார். ஆமாம்தானே அண்ணே?)

எதிர்ப்பு அவரிடமிருந்து மட்டுமா வந்தது? நம் கால்பந்துப் பயிற்சியாளர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். “மைதானத்தைக் குளமாக்கப் போறீங்களா? என் பசங்க என்ன மீனா?” என்றார். பொறியாளர் பொறுமையாகச் சொன்னார்: “வருஷத்துல சில நாள்தான் சார் தண்ணி நிக்கும். மத்த நாளெல்லாம் விளையாடலாம். தோண்டின மண்ணைச் சுத்தி ஏத்திப் படிக்கட்டு கட்டித் தரோம். ஜனங்க உக்காந்து பாக்கலாம்.” பயிற்சியாளர் யோசித்தார். “படிக்கட்டு நிஜமாவா?” என்றார். “நிஜமா.” “அப்ப இன்னும் கொஞ்சம் ஆழமாவே தோண்டுங்க” என்றார்! சிரிக்காதீர்கள், திட்டம் என்பது அப்படித்தான் வளரும். எதைக் கேட்கிறோம் என்பதோடு எதைக் கொடுக்கிறோம் என்பதையும் சொன்னால், எதிரே நிற்பவர் பக்கத்தில் வந்து உட்காருவார்.

ஆனால் அண்ணன் அசையவில்லை. அப்போது இரண்டு பொறியாளர்களும் ஒரு காரியம் செய்தார்கள். மதில் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறுமோ, அந்த உயரத்தில், கீழ் ஊரின் தெருக்களில், வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு, உள்ளும் புறமும் நீலச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். சுவரில் கோடு. கதவில் கோடு. கடைப் பலகையில் கோடு. இரண்டு ஊர் மக்களும் வந்து பாருங்கள் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிமெண்ட் அண்ணன் என் வண்டியில் ஏறினார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். “எங்கண்ணே?” என்றேன். “சும்மா” என்றார். சும்மா போகிறவர் முகமா அது? கீழ் ஊரில் இறங்கினார். வண்டி திரும்ப நேரம் இருந்தது. எனக்கும் சலவைக்கடையில் ஒரு உடுப்பு வாங்க வேண்டியிருந்தது. பின்னாலேயே போனேன்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் சலவை இயந்திரங்கள், தேய்க்கும் மேசை. திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். அக்காவின் கணவர் விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். பகலெல்லாம் அந்தக் கட்டிலில்தான் இருப்பார். படுத்தபடியே வாடிக்கையாளர்களோடு பேசி, கடைக் கணக்கையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வார். நீலக் கோடு வாசலில் தொடங்கி, இயந்திரங்களைக் கடந்து, திரைக்குப் பின்னால் போய், கட்டிலுக்கு மேலே, அவர் தலையணைக்கு வெகு உயரத்தில் ஓடியது.

அண்ணன் அந்தக் கோட்டின் கூடவே நடந்து போனார். கட்டிலுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“வாங்க மச்சான்” என்றார் கட்டிலில் இருந்தவர். “கோடு எங்க போகுது பாத்தீங்களா? இனிமே நான் படுத்துக்கிட்டே நீச்சல் பழகணும் போல.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அந்தக் கோட்டை அழிக்கத் தொடங்கினார். தேய்த்தார், தேய்த்தார். சுண்ணாம்பு சுவரெல்லாம் நீலமாகப் பரவியதே தவிர, போகவில்லை. அக்கா பின்னால் வந்து நின்று அமைதியாகச் சொன்னார்: “விடுண்ணே. துடைச்சா போயிடுமா?”

“எங்கிட்ட ஏன்மா இதை முன்னாடியே சொல்லல?”

“உனக்குத் தெரியாததா? உன் மாப்பிள்ளை இங்கதான் படுத்திருக்காருன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். தண்ணி இவ்வளவு உசரம் வரும்னுதான் தெரியாது.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார். உணர்வில்லாத கால், ஆனாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம் எழுந்து, “சாப்பிட என்ன இருக்கு?” என்று கேட்டார். நான் என் உடுப்பை வாங்கிக்கொண்டு மெல்ல நழுவிவிட்டேன். அன்று அவர் என் வண்டியில் திரும்பவில்லை; சாயங்கால வண்டியில்தான் திரும்பினாராம்.

அடுத்த கூட்டத்தில் அண்ணன் எழுந்தார். ஆற்றோரத் தெருவே அவர் வாயைப் பார்த்தது.

“குடோனை எடுத்துக்கங்க” என்றார். “ஆனா ஒரு நிபந்தனை. எனக்கு மட்டுமில்ல, போகப் போற எல்லாக் கடைக்கும் சேத்துச் சொல்றேன். முதல்ல மாத்து இடம் குடுங்க, அப்புறம் இடிங்க. இடிச்சிட்டு இடம் தேடுற வேலை வேணாம். எங்கிட்ட மூட்டை தூக்குறவங்களுக்கு ஒரு நாள் கூலி போகக் கூடாது.”

தலைவி அந்த இடத்திலேயே சொன்னார்: “இது நிபந்தனை இல்லண்ணே. இதுதான் விதி. திட்டத்துல முதல் பக்கத்துல எழுதிடுறோம்.” எழுதினார்கள்! இன்றைக்கும் அது முதல் பக்கத்தில்தான் இருக்கிறது: இடம் கொடுத்த பிறகே இடிப்பது. பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில், மேட்டு நிலத்தில், எல்லாக் கடைகளும் எழுந்தன. அதன் பிறகுதான் முதல் சுத்தியல் விழுந்தது.

வேலை நடந்தபோது நாம் பேசாத பேச்சா? தூசி என்றோம். சத்தம் என்றோம். வண்டி நிறுத்த இடமில்லை என்றோம். ஓடையைத் திறந்த அன்று கூடி நின்று வேடிக்கை பார்த்தோம். கறுத்த கான்கிரீட்டைப் பெயர்த்ததும் உள்ளேயிருந்து முதலில் வந்தது என்ன? ஒரு பழைய சைக்கிள், உடைந்த நாற்காலிகள், எத்தனையோ பாட்டில்கள்! ‘இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்றார் ஒருவர். இன்று அந்த ஓடைக்கரை மர நிழலில் தினமும் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர் யார்? அவரேதான்! எழுந்து நிற்கச் சொல்லவா? வேண்டாம், போகட்டும்.

மழை வந்தது. நான் சொல்வது இந்தப் பருவத்துப் பெருமழையை. மதியத்தில் வானம் இருண்டது. மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது; எச்சரிக்கை மணி ஒலித்ததும் பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஆறு பெருகியது. பக்கவாட்டில் வெட்டிய வாய் வழியாக மைதானத்துக்குள் புகுந்தது. கோல் கம்பம் பாதி மறைந்தது! நாங்களெல்லாம் நகரசபையின் மாடி அறையில், சன்னலோரம் நின்றுகொண்டிருந்தோம். பொறியாளர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆற்றோரத் தெருவிலிருந்து செய்தி வந்தது: தண்ணீர் உயர்த்திய வாசல்வரை வந்தது, வாசலிலேயே நின்றுவிட்டது! அறையே ஆர்ப்பரித்தது. அண்ணன் மட்டும் ஆர்ப்பரிக்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றார்.

“அங்க என்னம்மா நிலைமை?”

அக்காவின் குரல் எங்களுக்கும் கேட்டது. “தெருவுல கணுக்கால் அளவுண்ணே. உள்ள வரல. இறங்க ஆரம்பிச்சிடுச்சு.”

“மாப்பிள்ளை?”

“தூங்குறாரு. துணிதான் ஒண்ணும் காயல. வாடிக்கையாளரெல்லாம் கத்தப் போறாங்க.”

“அப்ப சரி” என்றார் அண்ணன். தொலைபேசியை வைத்தார். சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. யாரும் பக்கத்தில் போகவில்லை. சிறிது நேரம் கழித்துப் பயிற்சியாளர்தான் போய், “அண்ணே, என் கோல் கம்பத்தைப் பாத்தீங்களா, எப்படி நிக்குது பாருங்க” என்றார். அண்ணன் அழுகையோடு சிரித்தார்.

எல்லாம் நூற்றுக்கு நூறு என்று நான் மார்தட்ட மாட்டேன். சூளைக்குப் பக்கத்தில் சில வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள், கோபத்தோடுதான் வந்திருக்கிறார்கள், வந்ததற்கு நன்றி. அவர்களுக்கான வேலைதான் இன்று கையெழுத்தாகும் புதிய திட்டத்தில் முதலாவதாக நிற்கிறது. திட்டம் என்பது ஒருமுறை கட்டி முடித்துப் பூட்டும் வீடு இல்லை அன்பர்களே. ஒவ்வொரு மழைக்குப் பிறகும், ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டியது.

வெயிலுக்கும் இந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. தகரக் கூரைப் பட்டறைகளுக்கு வெள்ளைப் பூச்சு. பேருந்து நிறுத்தமெல்லாம் மர நிழல்; அந்த நிறுத்தங்களில் வெந்து நின்றவள் சொல்கிறேன், அந்த நிழலின் அருமை எனக்குத் தெரியும்! கடும் வெயில் நாள்களில் நூலகமும் பள்ளிக்கூடமும் முதியோருக்குத் திறந்திருக்கும். இரண்டு ஊருக்கும் இடையே இன்னும் அதிக வண்டிகள். ஆளுக்கொரு வாகனம் எடுத்துப் புகை கக்க வேண்டாம். தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் இனிச் சூரிய ஒளியில் ஓடும்.

ஊர் என்றால் என்ன? எல்லைக்கல் நட்ட இடத்தில் முடிவதா ஊர்? நம் புகை எல்லையில் நிற்கிறதா? நம் குப்பை எல்லையில் நிற்கிறதா? நம் மகளை எல்லைக்கு அப்பால்தானே கட்டிக்கொடுத்தோம்? அவள் பிள்ளை நம் பேரப்பிள்ளை இல்லையா? நாம் பாதுகாப்பாக இருப்பதற்காக இன்னொருவர் மூழ்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பா? நாம் குளிர்ச்சியாக இருப்பதற்காக இன்னொருவர் வேக வேண்டும் என்றால், அதற்குப் பெயர் வளர்ச்சியா? சேர்ந்து கேட்போம், சேர்ந்து கொடுப்போம், சேர்ந்து நனைவோம், சேர்ந்து காய்வோம்! அப்படி வாழ்வதற்குத்தான் நகரசபை என்று ஒன்று இருக்கிறது. அப்படி வாழ்வதற்குத்தான் நமக்கெல்லாம் வாக்குச்சீட்டு இருக்கிறது!

முடிப்பதற்கு முன்னால் ஒரு செய்தி. இதுவரை நாம் மேல் ஊர், அவர்கள் கீழ் ஊர் என்றே பேசிக்கொண்டிருந்தோம். நமக்கும் மேலே, மலை அடிவாரத்தில், ஒரு ஊர் இருக்கிறதல்லவா? அங்கேயும் வெள்ளம் வருகிறது. அங்கேயும் ஒரு ஆற்றோரத் தெரு இருக்கிறது. அவர்களும் மதில் கட்ட நினைத்திருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், கீழ் ஊர் எது? நாம்தான்! சண்டைக்குப் போகலாம் என்றார்கள் சிலர். சிமெண்ட் அண்ணன்தான் தடுத்தார். “அவங்க முழுகும்போது நாம சட்டம் பேசலாமா? நம்ம மைதானத்துக்குப் பக்கத்துல இன்னும் காலி நிலம் இருக்குல்ல? அதையும் தோண்டி, அவங்க தண்ணியையும் சேத்து வாங்கிப்போம். அவங்களும் கொஞ்சம் இடம் விடட்டும். கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க” என்றார்.

கூப்பிட்டோம். வந்திருக்கிறார்கள்! அதோ, கடைசி வரிசையில், யாரோ எவரோ என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்தாறு பேர்தான் அந்த ஊரின் சபை உறுப்பினர்கள். ஐயா, அம்மா, அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? முன்னால் வாருங்கள். தம்பிகளே, வழி விடுங்கள். அண்ணே, உங்கள் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். மேசையில் இடம் போதாது என்றால் இன்னொரு மேசையை இழுத்துப் போடுங்கள்! இரண்டு கையெழுத்துக்காகக் கூடிய கூட்டம் இது. மூன்றாவதற்கும் அந்தத் தாளில் இடம் விட்டிருக்கிறோம்.

அவர்கள் நடந்து வருகிறார்கள். கைதட்டல் எனக்கு வேண்டாம், அவர்களுக்குக் கொடுங்கள்! பேச வாய்ப்பளித்த தலைவிக்கும், பொறுத்துக்கொண்ட பொறியாளருக்கும், தங்கள் குடும்பத்துக் கதையை ஊருக்குக் கொடுத்த அண்ணனுக்கும் தங்கைக்கும், இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. மலையடியிலிருந்து வந்தவர்களுக்கும், ஆற்றுவழி முழுக்க இருப்பவர்களுக்கும், நாம் இன்னும் பார்க்காத, கடல்வரைக்கும் உள்ள அத்தனை ஊர்களுக்கும் என் வணக்கம்.